யாரும் போடாத பிரேக்

மொட்டைமாடியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக மனைவியோடு ஏறியபோது, மெக்கானிக்கின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. வருமான வரி அலுவலகத்துக்கு அவரே எழுதியது. வரி கட்ட நாங்கள் ஒருபோதும் சம்மதிக்கவில்லை, இனியும் சம்மதிப்பதாக இல்லை என்பது அதன் சாரம். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் அவர் போட்டாயிற்று. மற்றது மனைவிக்கு.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு. ஆனால் லைசன்ஸ் அவள் பெயரில். தேர்வு என்றாலே அவர் ஒதுங்கிவிடுவார். அவள்தான் உட்கார்ந்து படித்து வாங்கினாள். வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்குத்தான் லைசன்ஸைப் புதுப்பிப்பார்கள். தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம் முதல் அவள் எந்த லிஃப்டிலும் கைவைக்க முடியாது.

"கையெழுத்துப் போடப்போறியா இல்லையா?" என்றார், மோட்டார் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டே.

"தம்பி வரிக் கணக்கு பேப்பரைக் கொண்டு வரான். வரட்டும்."

"உன் தம்பி ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கான். அவனுக்குச் சோறு போடுறதே அந்த பேப்பர்தான். கட்ட வேண்டாம்னா சொல்லப்போறான்?"

அவருக்கு இந்த ஞானம் வந்தது செல்போன் வழியாக. டை கட்டிய ஒருவர், பின்னால் தடித்தடிப் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு, வருமான வரி கட்டச் சொல்லிச் சட்டமே இல்லை என்று தினமும் விளக்கிக்கொண்டிருந்தார். முன்பாக இருந்தால் சிரித்துவிட்டுத் தள்ளியிருப்பார். ஆனால் போன வருடம் ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கிக் கொடுத்த உதிரிபாகங்களின் விலையையும் இவர் வருமானம் என்று சேர்த்து வரி போட்டுவிட்டார்கள். எத்தனை கடிதம் எழுதியும் ஒரு வரி பதில் இல்லை. அந்தக் கொதிப்பில்தான் டை கட்டியவர் வந்து சேர்ந்தார்.

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. கயிறுகள் ஓடின. சட்டென்று விளக்கு அணைந்தது, மோட்டார் அடங்கியது, 'டக்' என்று பிரேக் விழுந்தது. கட்டடம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. கயிறுகள் இறங்கும் தரைத் துளை வழியாக ஒரு குரல் ஏறி வந்தது.

"அக்கா! நடுவுல நின்னுடுச்சு!"

மெக்கானிக் துளைக்குப் பக்கத்தில் குனிந்தார். "மச்சானா? நல்லது. எங்கேயும் போயிடாதே."

அவள் அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்திருந்தாள். மின்சாரம் திடீரென்று திரும்பினாலும் மோட்டார் ஓடக்கூடாது. சுவரில் தொங்கிய இரும்பு லீவரை எடுத்துப் பிரேக்கில் மாட்டினாள். சிக்கியவரை வெளியே எடுப்பது இரண்டு பேர் வேலை: ஒருவர் லீவரை அழுத்தினால் பிரேக் விலகும், அந்த நேரத்தில் மற்றவர் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக நகரும்.

"சக்கரத்தைப் பிடிங்க" என்றாள்.

"இரு. தப்பிச்சு ஓட முடியாத ஆடிட்டர் எப்பவாவதுதான் கிடைப்பான். மச்சான், ஒரே கேள்வி. எனக்கு நோட்டீஸ் வந்துச்சா இந்த வருஷம்? 'நீ இவ்வளவு கட்டு'ன்னு யாராவது உத்தரவு போட்டாங்களா?"

"இல்ல மாமா."

"உத்தரவே வராம எனக்கு எப்படிக் கடமை வரும்? நானா கணக்கு எழுதி, நானா கையெழுத்துப் போட்டாத்தானே மாட்டிக்கிறேன்? போடலைன்னா ஒண்ணும் கிடையாது."

"மாமா, மேல எடுத்துட்டுப் பேசுங்களேன். ஏதோ கிரீச்சுங்குது. அறுந்து விழுந்துடாதே?"

இதைக் கேட்டதும் மெக்கானிக் வரியை மறந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு 'பிரேக் அண்ணன்' என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

"விழாதுப்பா! எல்லாரும் நினைக்கிற மாதிரி கரண்ட் வந்து பிரேக்கைப் போடுறதில்ல. கரண்ட் பிரேக்கை எடுக்கும். போடுறது ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் அமுக்கிக்கிட்டே இருக்கும். ஓடணும்னாத்தான் கரண்ட் போய் விலக்கணும். யாரும் வந்து 'பிடி'ன்னு சொல்ல வேண்டாம். சும்மா விட்டா அதுபாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். புதுசா வர்ற பசங்க எல்லாம் இதுலதான் கோட்டை விடுவாங்க. சிக்னல் வரலைன்னா பிடி இல்லைன்னு நினைச்சுக்குவாங்க, மண்டுங்க!"

சொல்லி முடித்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். "ம், அமுக்கு."

அவள் அமுக்கவில்லை.

"நோட்டீஸ் வரலைன்னா வரி இல்லைன்னு யாரோ சொன்னாங்களே, அது யாருங்க?"

துளைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மெக்கானிக் நிமிர்ந்தார். "ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியுது. உன் சட்டம் தெரியுதா?"

"சட்டத்தோட நகல் என் கையிலேயே இருக்கு மாமா" என்றது கீழே இருந்த குரல். "போன் வெளிச்சத்துல வாசிக்கட்டுமா? 'ஒவ்வொரு ஆண்டின் வருமானத்தின் மீதும் வரி விதிக்கப்படும்.' அவ்வளவுதான். நோட்டீஸ் வந்தாலோ, நீங்க சம்மதிச்சாலோன்னு அதுல எதுவும் இல்ல. சம்பாதிச்சதுமே விழுந்துடுது. எவ்வளவுங்கிற கணக்குக்குத்தான் நோட்டீஸ் எல்லாம். எழுதினது உண்மைன்னு சொல்றதுக்குத்தான் கையெழுத்து."

"அப்ப போன வருஷம் அவங்க பண்ணினது?"

மெக்கானிக்கின் குரலில் இருந்த கேலி போய்விட்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்த குரல். ராத்திரிச் சாப்பாட்டின்போது கடிதங்களுக்குப் பதில் வந்ததா என்று கேட்கும் குரல்.

"அது தப்பு. யாரு இல்லைன்னா?" என்றாள். "பிரேக் தப்பான இடத்துல பிடிச்சிடுச்சு. அதுக்காக பிரேக்கே கிடையாதுன்னா சொல்லுவோம்? இதுக்குத்தானே லீவரைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கு."

"அப்பீல் போடணும் மாமா" என்றான் தம்பி. "வெறும் கடுதாசின்னா குப்பைக்குப் போயிடும். அப்பீல்னா அவங்க பதில் சொல்லியே ஆகணும். தேதி தாண்டியிருந்தாலும் காரணம் சொல்லிக் கேக்கலாம். அக்கா, நான் இங்கேயே குடியிருக்கணுமா?"

மெக்கானிக் சக்கரத்தில் இரண்டு கைகளையும் வைத்தார். "விடு" என்றார். அவள் அமுக்கினாள். "பிடி" என்றார். கையை எடுத்தாள், பிரேக் கவ்வியது. விடு, பிடி, விடு, பிடி. லிஃப்ட் ஒரு தளத்துக்கு நேராக வந்துவிட்டதைக் காட்டும் மஞ்சள் அடையாளம் கயிற்றில் தெரிந்ததும் அவள் சாவியோடு இறங்கிப்போய்க் கதவைத் திறந்தாள். தம்பி வியர்வையில் நனைந்திருந்தான், காகிதங்கள் நனையவில்லை.

மோட்டார் அறைக்குத் திரும்பியதும் அவள் முதலில் லீவரைக் கழற்றிச் சுவரில் மாட்டினாள். பிறகு தம்பியிடம் வரிக் கணக்குக் காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள். அவர் கையெல்லாம் கிரீஸ். சுற்றிலும் துணியைத் தேடினார், கிடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

"அப்பீலை இன்னிக்கே எழுது" என்றார்.

மின்சாரம் திரும்பியிருந்தது. அவள் மெயின் சுவிட்சைப் போட்டு, லிஃப்டை இரண்டு முறை வெறுமனே ஏற்றி இறக்கிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. தம்பி காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

"என்ன மச்சான், இவ்வளவு விளக்கியும் நம்பிக்கை வரலையா?"

"பிடிக்கும்னு தெரியும் மாமா. இருந்தாலும் மனசு ஒத்துக்கல."

"நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன், போ" என்றார் மெக்கானிக்.