நாற்பத்தேழு கிலோ

"புடவைய அவுத்துட்டு இதப் போடும்மா" என்று சொல்லியே விட்டாள் தமிழரசி. வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஹவுராவில் பஸ் ஏறும்போதே அம்மா கிருஷ்ணம்மாள் கட்டளை போட்டிருந்தாள். ஆனால் தமிழரசி வேலை பார்க்கும் ஜாதவ்பூர் பிசியோதெரபி மையத்தின் அந்த டிரெட்மில் புடவைக்கு மசியாது. ரப்பர் துணியில் தைத்த அரைக்கால் சட்டையைப் போட்டு, அதன் இடுப்பை மெஷினின் பெரிய பையோடு ஜிப் வைத்துப் பூட்ட வேண்டும். பைக்குள் காற்று ஏற ஏற ஆளைத் தூக்கிப் பிடிக்கும். முட்டியில் இறங்கும் பாரம் குறையும். தேய்ந்த முட்டி வலியில்லாமல் நடந்து பழக அது ஒரு வழி. நாள் முழுக்க வங்காளத்தில் இதைப் பொறுமையாக விளக்குகிறவளுக்குப் பெற்றவளிடம் மட்டும் பொறுமை வரவில்லை.

"உங்கப்பா கூட என் முட்டியப் பாத்ததில்லடி."

"அதான் இந்த லட்சணத்துல இருக்கு."

கூட வேலை பார்க்கும் சுப்ரியாதான் "காகிமா, காகிமா" என்று சித்தி முறை வைத்துக் குழைந்து, திரையை இழுத்துவிட்டு, காரியத்தை முடித்தாள். துண்டால் தொடையை மறைத்தபடி கிருஷ்ணம்மாள் வந்து நின்றபோது, தமிழரசியும் முதல்முறையாக அந்த முட்டிகளைப் பார்த்தாள். வீங்கி, உள்பக்கமாக வளைந்து, யாருடைய கால்களோ போல இருந்தன. மூன்றாம் மாடிக் குவார்ட்டர்ஸ். குழாய் கீழே. ஒரு குடமாவது நான் தூக்குகிறேன் என்றால், போய்ப் படி என்று அம்மா விரட்டுவாள். படித்தாள். அந்த வம்சத்தில் காலேஜை முடித்த முதல் ஆள் என்று அப்பா பரமசிவம் தான் வேலை பார்க்கும் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஜிப்பை வெடுக்கென்று இழுத்தாள். "மெதுவா, நகம் பேந்துரும்" என்றாள் அம்மா.

காற்று ஏறியது. மெஷினின் திரையில் எழுபத்தெட்டு கிலோ மெல்ல இறங்கி நாற்பத்தேழில் நின்றது. கிருஷ்ணம்மாள் அந்த எண்ணையே பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு இவ்வளவுதான் இருந்தேன்."

முதலில் சேற்றில் கால் வைப்பவள் போல நடந்தாள். ஐந்தாவது நிமிடம் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பத்தாவது நிமிடம், வலியே இல்லை என்று ஏதோ திருட்டுத்தனம் செய்தவள் போலச் சிரித்தாள். ஆனால் மெஷினை விட்டு இறங்கியதும் பாரம் மொத்தமும் திரும்பி வந்து ஏறிக்கொள்ள, முகம் சுருங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாளில் தீராது, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் என்றாள் தமிழரசி. ஊழியர் வீட்டு ஆட்களுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைதான் மெஷின் கிடைக்கும். அப்பா பட்டறையிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வரும் நேரமும் அதுதான். இன்று ஒரு நாளைக்கென்று பட்டறையிலேயே சாப்பிட அவருக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள் அம்மா. முடியவே முடியாது என்று தலையாட்டினாள்.

"சமைச்சு வச்சிட்டு வா. போட்டுத் திங்க அவருக்குக் கை இல்லையா?"

கிருஷ்ணம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"அவருக்குக் கை இருக்குடி. எனக்குத்தான்... அந்த அரை மணி நேரம்தான அவரு எங்கூடப் பேசுவாரு. ராத்திரி வந்தா அசந்து தூங்கிருவாரு."

அப்பாவைத் திட்டுவது எளிது. அம்மாவின் ஆசையை எப்படித் திட்டுவது? தமிழரசி ரிஜிஸ்டரை இழுத்து, அடுத்த எட்டு வாரத்துச் செவ்வாய், வியாழன், சனிகளில் கிருஷ்ணம்மாள் பெயரை எழுதினாள். அந்த நாட்களில் ராத்திரி அப்பா அரை மணி நேரம் விழித்திருந்து பேசட்டும். அதை அவரிடம் சொல்ல இவள் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

"எங்கடி போனத் தூக்கிட்டுப் போற? அவரு இப்பத்தான் சாப்பிட உக்காந்திருப்பாரு" என்றாள் கிருஷ்ணம்மாள்.

தமிழரசி போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்துவிட்டிருந்தாள். அப்பாவின் குரலுக்கு முன்னால் இரும்பை இரும்பு அடிக்கும் சத்தம் வந்தது. அதற்கு மேல் கேட்கும்படி குரலை உயர்த்திக்கொண்டு படியிறங்கினாள்.