தொழில்: மீன்பிடி

பட்டியலின் பதினேழாவது வரியில் அப்பாவின் பெயர் இருந்தது. பூவராகன், வயது ஐம்பத்தாறு, நுரையீரலில் தழும்பு, சிதம்பரம். சுவாதி மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது அவளுக்குத் தெரியாததா என்ன. மூன்று வாரமாக ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறி அங்கேதான் போகிறாள். அவளை உலுக்கியது பெயருக்குப் பக்கத்துக் கட்டம். தொழில்: மீன்பிடி.

எழுதியவளே அவள்தான். அன்று அப்பா மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்க, சீட்டுப் போடும் ஜன்னலில் ஒரு தாளை நீட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவின் தொழில் என்ற இடத்தில் எதை எழுதினாளோ, கை அதையே எழுதிவிட்டது. 'தானே' புயலில் படகு உடைந்த பிறகு அப்பா கடலுக்குப் போனதே இல்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் பதிமூன்று வருஷம் காண்ட்ராக்டில் தொட்டிக்குள் இறங்கிக் கசடு அள்ளினார். ஆனாலும் ஊரில் அவர் கடலுக்குப் போகிறவர்தான். உப்பனாற்றங்கரையில் கம்பெனி வேலையைத் தொழில் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த படகு வாங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்வருவது, அவ்வளவுதான். அந்தப் படகைத்தான் இன்னும் யாரும் வாங்கிய பாடில்லை.

கடலூர் சுகாதார ஆபீஸில் சுவாதிக்கு வேலையே இதுதான். மாவட்டத்து ஆஸ்பத்திரிகள் அனுப்பும் விவரங்களிலிருந்து, வேலையால் காயமோ நோயோ வந்தவர்களைப் பிரித்து மாதக் கடைசியில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரே இடத்தில் மூன்று பேருக்கு ஒரே நோய் என்றால் ஆள் வந்து அந்த இடத்தைச் சோதிப்பார்கள். நுரையீரல் தழும்புக்குப் பக்கத்தில் மீன்பிடி என்று இருந்தால் கழித்துவிட வேண்டும். கடல் காற்றில் யாருக்கு நுரையீரல் கெடும்? அவளும் சிரத்தையாகக் கழித்தாள். கெட்டிக்காரி என்று பெயர் வேறு. பெயர்களை அவள் படிப்பதில்லை, கட்டத்தைத்தான் பார்ப்பாள்.

பழைய மாதங்களைத் திறந்தாள். இரண்டு வருஷத்தில் இப்படிக் கழித்தது பதினொரு பேரை. அதில் ஏழு பேர் அவள் ஊர். ஒருவர், அப்பாவோடு தொட்டியில் இறங்கிய உத்திராபதி மாமா. அவர் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்த வாரமே அவரைக் கழித்திருக்கிறாள். அப்பா விட்ட அதே தொட்டியில் இப்போது தம்பி அரசு இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அதிகாரி திருநாவுக்கரசு நல்ல மனிதர். அதனால் அவரிடம் கோபப்படவும் வழியில்லை.

"ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கறதத்தாம்மா நாம ஏத்த முடியும். டாக்டரு மாத்திக் குடுத்தா இன்னைக்கே ஏத்திடலாம். கம்பெனியில வேல பாத்ததுக்கு என்னா இருக்குதுன்னு அவுரு கேப்பாரே."

என்ன இருந்தது? காண்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார். கேட் பாஸைக் கடைசி நாளில் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது அப்பாவின் வாய் மட்டும்தான்.

"யப்பா, டாக்டரு வந்தா கம்பெனி வேலன்னு சொல்லுப்பா. அந்தத் தொட்டியப் பத்திச் சொல்லு," என்று அன்று சாயங்காலம் கட்டிலருகே கெஞ்சினாள்.

அப்பா மாஸ்க்கை விலக்கினார். "எதுக்கு?"

"தம்பி அரசுக்காவ."

"போற நேரத்துல... என்னக் கம்பெனிக்காரன்னு... எழுதப் போறியா?"

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. மாஸ்க்கை அவளே எடுத்து மாட்டிவிட்டாள். பதிமூன்று வருஷம் அந்த மனிதரைத் தாங்கியது கடல்காரன் என்ற அந்த ஒரு சொல்தான். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. பிடுங்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு அரசு வந்தான். ஆளைப் பார்க்குமுன் மாடிப்படியில் அவன் இருமல் கேட்டது. அப்பாவுக்கு ஆரம்பித்ததும் இதே வறட்டு இருமல்தான். சுவாதி அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

"தூசிக்கா. ரெண்டு நாள்ல போயிடும். உடு," என்றான்.

சீட்டுப் போடும் அதே ஜன்னல். உள்ளே இருந்தவர் அடையாள அட்டை கேட்டார். அரசு பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். வலையைத் தொட்டே அறியாதவனிடம் மீனவர் அட்டை பத்திரமாக இருந்தது.

"தொழிலு?"

"கம்பெனி," என்றாள் சுவாதி அவசரமாக. "கம்பெனியில தொட்டி சுத்தம் பண்றான் சார்."

"இதுல மீனவர்னுல்ல இருக்குது?"

"ஆமா சார், கடலுதான்," என்றான் அரசு. "அக்கா சும்மா சொல்லுது."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கம்மா, பின்னால ஆளு நிக்கிது பாரு." அவர் அட்டையைப் பார்த்தே தட்டிவிட்டார். மிஷின் சீட்டைத் துப்பியது.

அரசு அதை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள் அவன் நகங்களில் ஏறியிருந்தது. தொழில்: மீன்பிடி என்ற கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. பிறகு அவன் மறுபடி இருமினான்.