ஏறக் கூடாதவன்

“உனக்கு இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி?”

கேட்டுவிட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் அவனிடம் கேட்கவே கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். “அவன் உன்ன மாதிரி கருங்கல் இல்லடி. கேட்டா சுருங்கிப் போயிடுவான். அவனா சொல்றப்ப சொல்லட்டும்” என்பாள். எங்கள் நாட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. ஈஸ்டர் விருந்துக்கு வரும் அத்தைமார்கள் மட்டும் கேட்பார்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் அத்தையாகிவிட்டேன். அதுவும் பிசா கோபுரத்தின் உச்சியில், கால் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும் அந்தச் சலவைக்கல் வளையத்தில் நின்றுகொண்டு.

தம்பி கானியோ கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்தான். கீழே புல்வெளியில் உலகத்தின் சகல தேசத்தாரும் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்கும்போது கோபுரம் எங்கே, படம் எடுப்பவர் எங்கே என்று தெரியாது. ஒரு கூட்டம் காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பது மட்டும் தெரியும்.

“ஏ ஜெரார்தா, கொஞ்சம் தள்ளு! டாக்டர் முகம் மறையுது!” உச்சியில் தொங்கும் பெரிய மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கத்தினார். எங்கள் நாட்டில் சாதாரணப் பட்டம் வாங்கினாலே டாக்டர்தான். கானியோ பட்டம் வாங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வை வாசித்து முடித்துத் தலையில் பிரிஞ்சி இலைக் கிரீடத்தோடு வெளியே வருவான். ஆனால் எங்கள் தெற்கு மலையூரிலிருந்து வந்து ரயில் இறங்கும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார். டாக்டரே, பையை எடு. டாக்டரே, தண்ணி இருக்கா. அதே கணக்குப்படி நானும் நாலு வருடமாக டாக்டர்தான். வேதியியலில். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் தள்ளி நின்றேன். அப்பா படம் எடுத்தார்.

அப்பா எங்கள் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறார். வாழ்நாளில் அவர் எடுத்த முதல் கோடை விடுமுறை இது. ஆய்வு வாசிப்புக்கு முன் குடும்பமாக ஊர் சுற்றிப் பார்ப்பது என்று அவரே முடிவு செய்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி, அவள் போனிலிருந்து கோபுரத்துக்குச் சீட்டு வாங்கி, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். இன்று காலை புல்வெளியோரம் நின்று சட்டைப் பையிலிருந்து சீட்டை உருவி மந்திரவாதி மாதிரி விரித்துக் காட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவளுக்கு மட்டும் வாங்கவில்லை. “டாக்டருக்கு மரியாதை! உச்சிக்கே போறோம்!”

அப்பாவுக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. பிசாவில் படிக்கிற எவரும் பட்டம் வாங்கும்வரை அந்தக் கோபுரத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் கிடைக்காது. மடத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். இயற்பியல் படிக்கிறவன்கூட ஏற மாட்டான். நான் அங்கே படித்த காலமெல்லாம் அதன் நிழலில் நடந்துதான் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஒருமுறைகூட ஏறியதில்லை. முடித்த பிறகு ஏறலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் வேலை தேடி வடக்கே போய்விட்டேன்.

அதனால் அப்பா சீட்டை நீட்டியதும் நான் கானியோவைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தேன். இவன் அலறப் போகிறான், அப்பா முழிக்கப் போகிறார், நான் விளக்கப் போகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறிக்கொள்ளலாம் என்று சீட்டை மாற்றப் போகிறோம். கானியோ அலறவில்லை. “நல்லா இருக்குப்பா” என்றான். தோள்பையைக் கொண்டுபோய்க் காப்பறையில் வைத்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் போய் நின்றான்.

தேய்ந்து குழிந்த படிகளில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு சுற்றில் சுவர் தோளை இடிக்கும், அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் இழுக்கும். மூச்சு வாங்கியது. அது படியினால் அல்ல. இழப்பதற்கு ஏதாவது இருப்பவன் இப்படி ஏற மாட்டான்.

“சொல்லு” என்றேன் மேலே. “எத்தனை?”

“முதல் வருஷத்தோட சரி, ஜெரா” என்றான். ஏதோ பஸ் போய்விட்டது என்பதுபோல. “ரெண்டாவது வருஷம் ஒண்ணுல போச்சு. திரும்ப எழுதினேன், திரும்பப் போச்சு. அப்ப அப்பா போன் பண்ணாரு. பாஸுன்னு சொல்லிட்டேன். அடுத்ததுக்கு எப்படிப் போறது? அதுக்கும் பாஸுன்னு சொன்னேன்.”

“இவ்வளவு வருஷமா என்னடா பண்ண?”

“காலையில எல்லாரும் போற நேரத்துக்கு நூலகத்துக்குப் போவேன். சாயங்காலம் ஆத்தோரத்துல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை.” கொஞ்சம் சிரித்தான். “என் கூட்டாளிங்க நாலு பேருக்கு நான்தான் பாடம் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் முடிச்சிட்டானுங்க.”

“வெள்ளிக்கிழமை?”

“குடும்பத்த உள்ள விட மாட்டாங்க, புது விதின்னு சொல்லியிருக்கேன்.”

“அது பொய். யார் வேணா போய் உக்காரலாம். நீ உள்ள போயி என்ன பண்ணுவ? எப்படி வெளிய வருவ?”

அவன் கம்பியின் மேல் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு எதுவும் தெரியல” என்றான். “யோசிச்சா அதோட வெட்டினாப்ல நின்னுடுது.”

எங்கள் நாட்டில் படித்த யாருக்கும் இந்த வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒன்றாவது செய்தித்தாளில் வரும். பூங்கொத்தோடு குடும்பம் வாசலில் நிற்கும், பிள்ளையின் பெயர் அன்றைய பட்டியலிலேயே இருக்காது, பிள்ளை வேறு எங்கோ இருப்பான். எப்படிக் கிடந்தான் என்று எழுதியிருப்பார்கள். நான் அவன் சட்டையை இடுப்புப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் சந்தையில் தொலைந்துவிடாமல் பிடிப்பேனே, அப்படி. நேரமாயிற்று இறங்குங்கள் என்று காவலாள் சொன்னபிறகும் விடவில்லை. கீழே புல்லில் கால் வைக்கும்வரை விடவில்லை.

“அப்பாகிட்ட சொல்ல மாட்டல்ல?” என்றான்.

நான் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தேன்.

பிறகு என்ன, ஊர் சுற்றினோம். வேறு என்ன சொல்ல. ஞானஸ்நான மண்டபத்தில் காவல்காரர் வளைகூரைக்குக் கீழே நின்று பாடிக் காட்டினார். குரல் மேலே போய் மூன்று நான்கு குரலாகத் திரும்பி வந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயிலில் ஆளுக்கொரு கொண்டைக்கடலைமாவு அடையை ரொட்டிக்குள் வைத்துத் தின்றோம். கடைக்காரனிடம் அப்பா, “என் பையன், வெள்ளிக்கிழமை டாக்டர்” என்றார். அவன் “வாழ்த்துக்கள், டாக்டர்” என்றான். அந்தத் தெருவுக்கே சொன்னார். ஒவ்வொரு முறையும் கானியோ தலையைக் குனிந்து நன்றி சொன்னான். அவ்வளவு அழகாகச் சொன்னான். நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆற்றங்கரையில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் கானியோ குளிக்கப் போனான். அப்பா காற்று வாங்கக் கீழே இறங்கிப் போனார். அம்மா சமையலறை மேசையில் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் பருப்புகளைக் கொட்டி, சிவப்பு வலைத்துணியில் முடிந்துகொண்டிருந்தாள். பட்டத்துக்குச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஊர் முழுக்கக் கொடுப்பதற்கு. வாத்தியக்குழுவுக்குக்கூடச் சொல்லியாயிற்று. பக்கத்தில் ஈரத்துணிக்குள் கிரீடம், எங்கள் வீட்டு மரத்துப் பிரிஞ்சி இலை, அவளே பின்னியது.

என் பட்டமளிப்புக்கு யாரும் வரவில்லை. ஊர்த் திருவிழா, குப்பை லாரிக்கு விடுப்பு கிடையாது. என் அறைத்தோழி பூக்கடையில் ஒரு கிரீடம் வாங்கி வைத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு ரயிலில் போனேன். அம்மா வாங்கிப் பார்த்து, நல்ல இலை என்றாள். அடுத்த வாரம் முயல் குழம்பில் போட்டாள்.

நான் குளியலறைக் கதவைப் பார்த்தேன். தண்ணீர் சத்தம் கேட்டது. உள்பக்கம் சாவி இருக்கும் கதவு. போய்த் தட்டினேன். “என்ன?” என்றான். “ஒண்ணுமில்ல” என்றேன். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“அவன் பொய் சொல்றான். வெள்ளிக்கிழமை ஒண்ணும் கிடையாது. படிப்ப விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.”

அம்மா முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். நூலைக் கத்தரித்தாள்.

“தெரியும்” என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டர். சாப்பிட்டதும் தட்டு எடுத்தான். ஒரு கையிலயே மூணு தட்டு, மணிக்கட்டு மேல ஒண்ணு, உள்ளங்கையில ரெண்டு, முள்கரண்டி எல்லாம் மேல் தட்டுல ஒதுக்கி வெச்சு. புஸ்தகம் படிக்கிற பையனுக்கு அந்தக் கை எங்கேந்துடி வரும்? அன்னிக்கே புரிஞ்சிடுச்சு.”

“அதனாலதான் கேக்காதன்னியா?”

“கேட்டா அவன் சொல்லிடுவான்ல. சொல்லிட்டா உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடும்ல.” குரலைத் தாழ்த்தினாள். “இப்பக் கேளு. உனக்கு அந்தக் கட்டடம் எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை நீ அவனோட உள்ள போ. கொஞ்ச நேரம் எங்கயாவது உக்காருங்க. அப்புறம் சேர்ந்து வெளிய வாங்க. நான் கிரீடத்த வைக்கிறேன். உங்கப்பா அழுவாரு, படம் எடுப்பாரு. ஞாயித்துக்கிழமை சாப்பாடு. அப்புறம் வடக்க வேலை கெடச்சிடுச்சுன்னு உன்னோட கூட்டிட்டுப் போயிடு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். பாதாம் பருப்பு முடிவதுபோல எல்லாவற்றையும் முடிந்து வைத்திருந்தாள்.

“எத்தனை வருஷத்துக்கு இப்படி?”

“உங்கப்பா உசுரோட இருக்கிற வரைக்கும்.”

“அவன் உசுரோட இருக்க வேணாமா?”

அம்மா சட்டென்று கையை நீட்டிக் கழுவுதொட்டியின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். கெட்ட வார்த்தை விழுந்தால் எங்களூரில் இரும்பைத் தொட வேண்டும். “வாயக் கழுவுடி. என்ன பேச்சு இது!”

“கோபுரத்துல நின்னுக்கிட்டு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒண்ணும் தெரியலங்கிறான். உன் பையன். நீ இரும்பத் தொட்டுக்க. நல்லா தொட்டுக்க.”

“பயத்துல சொல்லியிருப்பான். வெள்ளிக்கிழமை தாண்டிட்டா சரியாயிடும்.” அவள் கை குழாயை விடவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்குப் பொறாமை. உனக்கு நாங்க யாரும் வரல, அவனுக்கு வந்துட்டோம். அதான்.”

“ஆமா, பொறாமைதான்” என்றேன். “முயல் குழம்ப நான் இன்னும் மறக்கல. ஆனா நான் தோத்துட்டு வந்திருந்தா நீ திட்டியிருப்ப, அப்பா ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டாரு, மூணாம் நாள் சோறு போட்டிருப்பீங்க. எனக்குத் தோக்கிறதுக்கு இடம் இருந்துச்சு. அவனுக்கு அதக்கூட நீங்க விட்டு வைக்கல.”

குளியலறைக் கதவு திறந்தது. கானியோ தலை சொட்டச் சொட்ட நின்றான். வெள்ளிக்கிழமைக்காக வாங்கிய புதுக் கால்சட்டையைப் போட்டுப் பார்த்திருந்தான். மேலே பழைய பனியன். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, அவளுக்கு முன்பே தெரியும் என்பது மட்டும் அவனுக்கு விளங்கிவிட்டது. அது அவனை நிம்மதிப்படுத்தும் என்று நினைத்தேன். இல்லை. இன்னும் வெளுத்தான். இத்தனை நாள் அவன் ஒருவனே தூக்கிக்கொண்டிருந்த பொய்யைப் பார்த்துக்கொண்டு இன்னொருத்தி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், கை கொடுக்காமல்.

“ஜெரா, வேணாம்” என்றான். “நானே சொல்லிடறேன். சனிக்கிழமை சொல்றேன். சத்தியமா.”

காலையில் அவனுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாளே இல்லை. இப்போது என்னை நிறுத்த ஒன்றை உண்டாக்கித் தருகிறான். அப்பாவுக்குப் பரீட்சைகளை உண்டாக்கித் தந்தது மாதிரி. நம்பும்படிதான் சொன்னான். அத்தனை வருடப் பழக்கம்.

“இவ பேச்ச விடுடா, இவ போக மாட்டா” என்றாள் அம்மா. “ஜெரார்தா, உக்காரு. உன் அப்பாவோட மொகத்த நெனச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தேன். பாடல் கேட்டு அழுத முகம். கடைக்காரனிடம் டாக்டர் என்ற முகம். நான் அதை இன்று உடைக்கப் போகிறேன். ஒருவேளை என்னை அவர் மன்னிக்கவே மாட்டார். ஒருவேளை இவனைக் கை ஓங்கி அடிப்பார். அடிக்கட்டும். அடி வாங்கிய கன்னத்தோடு இவன் வெள்ளிக்கிழமை காலை எழுந்து காப்பி குடிக்கட்டும்.

குளியலறைக் கதவுக்குப் போய்ச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆற்றைப் பார்த்த சன்னலைச் சாத்தினேன்.

“அவன் பக்கத்துலயே இரு. நான் வர்ற வரைக்கும் நகராத” என்றேன் அம்மாவிடம். அவள் என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். பிறகு சாவி போட்ட என் பையைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி வந்து, கானியோவின் ஈரமான முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜெரா!” என்றான் அவன் பின்னாலிருந்து.

கதவைத் திறந்தேன். மாடிப்படி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. விளக்கைப் போட நிற்காமல் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன். தெருக்கதவைத் தள்ளியதும் சாயங்கால வெயில் முழுவதும் ஆற்றிலிருந்து முகத்தில் அடித்தது.

எதிரே ஆற்றுச் சுவரின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம். கதவுச் சத்தம் கேட்டதும் அம்மாதான் வருகிறாள் என்று பதறி, கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அவருக்குச் சர்க்கரை. பிறகு நான்தான் என்று கண்டார். தோள் தளர்ந்தது. கிண்ணத்தை மறுபடி முன்னால் எடுத்து, சுவரில் தன் பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, எனக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சாலையில் கால் வைத்தேன்.