துண்டு போட்ட இடம்

பறந்து போகிறது, பச்சைக்கரை போட்ட ஈரிழைத் துண்டு, திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டின் அத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் நிற்கக்கூடச் செய்யாத வண்டியின் ஜன்னலுக்குள் புகுந்து இருவர் சீட்டில் பொத்தென்று விழுகிறது, எறிந்த கை இன்னும் கீழே இறங்கவில்லை, அந்தக் கையைத்தான் ஆவுடையம்மாள் வாய் பிளந்து பார்க்கிறாள், கல்யாணமாகி நாற்பது நாள், தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டியிருக்கிறது, அடேயப்பா, இந்த மனுஷனுக்குத் துண்டு எறிவதில் இப்படி ஒரு கெட்டிக்காரத்தனமா, ஏறுளா, நம்ம இடம், ஜன்னல் உனக்கு என்கிறார் உலகநாதன், ஏறியாயிற்று, உட்கார்ந்தாயிற்று, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஓடும்போது தென்காசி ரெண்டு குடுங்க என்கிறார், அண்ணாச்சி, இது பாபநாசம் போற வண்டில்லா என்று கண்டக்டர் சிரிக்க, போர்டைப் பார்க்காமல் துண்டை எறிந்த கெட்டிக்காரர் அரை நிமிஷம் திருதிருவென்று முழிக்கிறார், தென்காசியில் அவருடைய அத்தை புது ஜோடிக்கு விருந்து சமைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஐயோ இறங்குவோம் என்று இவள் பதற, அவர் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு, அதுக்கென்ன, துண்டு போட்டாச்சுல்லா, இனி இறங்கவா என்கிறார்.

இறங்கவில்லை, பாபநாசம் ஆற்றில்தான் இறங்கினார்கள், மாற்றுத்துணி கிடையாது, உடுத்த சேலையோடு முங்கி எழுந்தாள், படித்துறையில் மீன்கள் கால் விரலைக் கொத்தக் கொத்தக் கூச்சத்தில் கத்தினாள், இரண்டு பேருக்கும் ஒரே துண்டு, அவள் தலையைத் துவட்டிவிட்டு அந்த ஈரத்துண்டாலேயே அவரும் துடைத்துக்கொண்டார், கிழித்த பேப்பரில் வைத்துத் தந்த பருப்பு வடை விரலைச் சுட்டது, அத்தை அதற்குப்பிறகு ஆறு மாசம் இவர்களோடு பேசவில்லை, பேசாமல் போகட்டும், அதற்கப்புறம் ராமேஸ்வரம் என்ன, பழனி என்ன, கொடைக்கானல் என்ன, எல்லா ஊரும் பார்த்தாயிற்று, எல்லா ஊருக்கும் முன்னால் போய் இடம் பிடித்தது ஏதோ ஒரு பச்சைக்கரைத் துண்டுதான், ஆனாலும் நீ எங்கே சந்தோஷமாக இருந்தாய் என்று கேட்டால் ஆவுடையம்மாளுக்கு அந்த ஈரச்சேலை காற்றில் உலர்ந்த நாள்தான் முதலில் வரும்.

எறிந்த அந்தக் கை, எத்தனையோ வருஷம் கழிந்து, இப்போது அவள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதே பஸ் ஸ்டாண்டு, அதே இரைச்சல், எட்டு மாசத்துக்கு முன் ஒரு காலையில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்து வலதுகை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது, நாலு பேர் என்ன என்ன என்று திருப்பிக் கேட்டதில் வெளியாட்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார், வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்ல, எனக்கு இனி ஊரு என்னத்துக்கு என்று கட்டிலோடு கிடந்தார், தென்காசியிலிருந்து மகள் கார் அனுப்பியும் ஏறவில்லை, பத்து நாள் கெஞ்சி, கடைசியில் நேற்று ஆவுடையம்மாள் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்த பிறகுதான் இன்றைக்கு மகள் வீட்டுக்கென்று தோளில் துண்டோடு வாசல் தாண்டினார், இன்றைக்கு நல்லபடியாகப் போனால் மனுஷன் மறுபடி வெளியே வருவார், இல்லையோ, அந்தக் கட்டில்தான் அவருக்கு இனி ஊர், இது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் காலையிலிருந்து சாமியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், தென்காசி வண்டி வருகிறது, கூட்டம் முண்டுகிறது, பழக்கதோஷம், அவர் தோள் உயர்கிறது, கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை, துண்டு நழுவிக் கீழே விழ, யாரோ ஒருவரின் செருப்பு அதை மிதித்துக்கொண்டு போகிறது.

வீட்டுக்குப் போவோம்ளா என்றார் அவர், தலை நிமிரவில்லை.

தென்காசி வண்டி நிறைந்து போய்விட்டது, அவள் குனிந்து துண்டை எடுத்து உதறினாள், அடுத்து வந்த வண்டியின் போர்டை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள், படித்துவிட்டுத்தான் எறிந்தாள், பிறந்ததிலிருந்து முதல்முறை, துண்டு ஜன்னல் கம்பியில் மாட்டிப் பாதி வெளியே தொங்கியது, உள்ளேயிருந்த ஒரு பிச்சிப்பூக்காரி அதை இழுத்து சீட்டில் போட்டு, இடம் போட்டாச்சு ஆச்சி, தாத்தாவ மெல்ல ஏத்துங்க என்றாள், மகராசி, அவளுக்கு ஒரு குறையும் வராது, அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துத் துண்டைத் தோளில் போட்டாள், வாழைத் தோட்டங்கள் வந்ததும் அவர் திரும்பினார், ஏளா, இது பாவநாசம் வண்டில்லா, நாக்கு குழறியது, அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை, அதுக்கென்ன, துண்டு போட்டாச்சுல்லா, இனி இறங்கவா என்றாள், அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, ஐயோ அழுகிறாரோ என்று பதறிப்போனாள், சிரிப்பு, எட்டு மாசத்துச் சிரிப்பு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் முட்ட, மக தேடுவாளே என்றார், போன் போட்டுச் சொல்லுதேன், அவ என்ன உங்க அத்தையா, ஆறு மாசம் பேசாம இருக்க.

அம்பாசமுத்திரத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள், டீக்கடை வாசம் ஜன்னல் வழியே வந்தது, வாங்கியாரேன், நீங்க இருங்க என்று எழுந்தாள், நானும் வாரேன் என்றார், கம்பியைப் பிடித்து எழுந்தவர் சட்டென்று நின்றார், கம்பியை விட்டுவிட்டு, இடதுகையால் தோளிலிருந்த துண்டை உருவினார், அது பாதியில் சிக்கிக்கொண்டது, உதவப் போன தன் கையை ஆவுடையம்மாள் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள், அவர் மெல்ல மெல்ல அதை ஜன்னலோர சீட்டில் விரித்தார், சுருண்டிருந்த ஒரு முனையைக்கூட நீவிவிட்டார், யாரும் ஒக்காந்திரப்படாது, நாம வரணும்லா, ஜன்னல் உனக்கு என்றார், பச்சைக்கரையில் செருப்புத் தடத்தோடு துண்டு அங்கே இடம் பிடித்துக்கொண்டு கிடக்க, இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.