நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே நம்பர்

குரங்கணிக்கு மேலே, ஏலக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊத்துமேடு. நாற்பத்திரண்டு வீடுகள். அங்கே போன் எடுக்காது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் இறங்கி, டவர் எடுக்கும் மொட்டைப்பாறைக்கு வந்து, அந்த வழியாகப் போகிறவர்களிடம் போன் கேட்க வேண்டும். போன மழைக்காலத்தில் மாசானம் களையெடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாறைக்கு ஓடிவந்தவர்கள் போடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஜீப்பை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர் மனைவி சுப்புத்தாய் அவருடைய கண்களை மூடியிருந்தாள்.

எப்பாடு பட்டாவது ஊருக்கு டவர் கொண்டுவருவதென்று அன்றைக்கே கிளம்பியவள் எங்கள் வார்டு மெம்பர் சந்திரவல்லி. காட்டு வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் மனுவும் கையுமாக அலைந்தாள். கிராமசபை அன்று பதில் வந்தது. அதிகாரி வாசித்தார்.

"ஊத்துமேட்டில் எல்லா வீட்டிலும் செல்போன் இருப்பதாகக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறது. எனவே தொடர்பு இல்லாத ஊர்களின் பட்டியலில் சேர்க்க இயலாது."

"எவன் சார் சொன்னது?" என்று சந்திரவல்லி தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். வீட்டுக்கு வீடு ஒரே நம்பர் போட்டிருந்தது. படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளைத்துரை அண்ணே, இது ஒங்க நம்பர்ல?"

என் நம்பர்தான். இரண்டு வருடத்துக்கு முன் கணக்கெடுக்க வந்தவரின் கருவி, போன் நம்பர் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. மனிதர் முழித்தார். தினமும் ஜீப்போடு போடிக்குப் போய்வருவதால் ஊரில் போன் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெரிய மனுஷன் மாதிரி, "எல்லாத்துக்கும் என் நம்பரைப் போடுங்க சார், சேதி வந்தா நான் கொண்டுபோய்ச் சொல்றேன்" என்றேன். அதிலிருந்து ஊத்துமேட்டுக்காரர்கள் எதற்கு மனு எழுதிப்போட்டாலும் என் நம்பர்தான். ஊருக்கே நான்தான் போன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தப் பவுசுதான் ஊருக்குக் குழி பறித்திருக்கிறது. இப்போது சொல்லவும் கூசுகிறது.

எழுந்து நின்று சபையில் ஒத்துக்கொண்டேன். அதிகாரி திட்டவில்லை.

"திருத்தலாம். எங்க வீட்ல போன் இல்லைன்னு ஒவ்வொரு வீடும் எழுதித் தரணும். இந்த நம்பரை எடுத்துருவோம். ஆனா இதை வச்சுப் போட்டிருக்கிற மனுவெல்லாம் அப்படியே நின்னுரும். வேற நம்பரோட முதல்லருந்து வரணும்."

"டவரு எப்ப வரும் சார்?" என்று ஈஸ்வரன் கேட்டார். வீடு கட்ட மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்.

"பட்டியல்ல சேர்ந்த பெறகுதான் சொல்ல முடியும்."

"அப்ப வராத டவருக்காக, வரப்போறதை விடச் சொல்றியா மெம்பரு?"

சந்திரவல்லி 'எங்க வீட்ல போன் இல்லை' என்று ஒரு தாளில் எழுதி, மைப் பெட்டியோடு மேசையில் வைத்தாள். கைநாட்டு வைக்க யாரும் முன்வரவில்லை.

சுப்புத்தாய்தான் எழுந்தாள். அவளுடைய விதவைப் பென்ஷன் மனு இழுத்தடித்து இழுத்தடித்து, அந்த வாரம்தான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்தச் சேதியும் என் போனில்தான் கிடந்தது.

"தாயி, நீ பொறு," என்று கெஞ்சினேன். "இன்னும் நாலஞ்சு நாளுதான். ஒனக்கு வந்துரட்டும், பெறகு எழுதிக்கலாம்."

"ஆளாளுக்கு இப்படிச் சொன்னா எப்பண்ணே எழுதுறது?"

மைப் பெட்டியில் பெருவிரலை அழுத்தித் தாளில் வைத்தாள்.

"நான் இனி யாருக்காக அந்தப் பாறைக்கு ஓடப்போறேன்? புருசன் இருக்கிறவளுகளுக்குத்தான் டவரு வேணும்."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து மகாராணி எழுந்து வந்தாள். தன் புருஷன் ஈஸ்வரனின் கையைப் பிடித்து எழுப்பி, மைப் பெட்டி பக்கம் கூட்டிப்போனாள்.