சில்வர் சிஸ்டரின் மூன்றாவது பரீட்சை

முதல் தடவை தோற்றதை அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? டியூட்டி ரூமில் எல்லாரும் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, நடந்ததை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் 'சில்வர் சிஸ்டர்'. வார்டு பாய் முதல் பெரிய டாக்டர் வரை இப்போது அதுதான் பெயர்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், இதய வார்டில், அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. நர்ஸ் படிப்பு படிக்கும்போதிலிருந்தே அவள் மனசு கிடந்தது இதய வார்டில்தான். ஆனால் இங்கே பொது வார்டை விட்டு அவளை அசைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மற்றவர்கள் ஊசி போட முடியாமல் கைவிட்ட நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கையை யார் விடுவார்கள்? கிடைத்திருக்கிற இந்த வேலைக்கோ குறுக்கே நின்றது ஒரே ஒரு பரீட்சை. ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். எதிரே உட்காருகிற பரீட்சைக்காரர் நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாகவே இருக்க வேண்டும், ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு பாதி. அவ்வளவுதான்.

முதல் தடவை வந்த அம்மாள், முந்தின நாள் புருஷனைப் பறிகொடுத்தவளாக நடித்தார். இவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எவ்ரி க்ளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங்" என்று எடுத்துவிட்டாள். எந்தக் கெட்டதிலும் ஒரு நல்லது இருக்கும் என்று அர்த்தம். புருஷன் செத்த வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா இது? அந்த அம்மாளின் பேனா அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை, நாளைக்கு ஆபரேஷன் என்று நடுங்கிக்கொண்டிருந்தவரிடம் "பீஸ் ஆஃப் கேக்" என்றாள். அதாவது, ரொம்பச் சுலபம், அல்வா சாப்பிடுகிற மாதிரி. கத்தி போகப்போவது அவர் வயிற்றில், சுலபம் இவளுக்கு! அதுவும் ஊற்றிக்கொண்டது.

இதற்கெல்லாம் மூல காரணம் கோச்சிங் சென்டர் மாஸ்டர். "ஒரு இடியத்துக்கு ஒரு மார்க். அள்ளி விடுங்க. புரியலைன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க, அங்கேயே கதை முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவான். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் பேச்சைக் கேட்டு இவளும் வீட்டுச் சுவரெல்லாம் அந்த இங்கிலீஷ் சொலவடைகளைச் சீட்டெழுதி ஒட்டியிருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரு இடியம், பீரோவை மூடினால் ஒரு இடியம். குளியலறைக் கதவில் ஏழெட்டு.

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துவிட்டது. இதுதான் கடைசி. இந்தத் தடவையும் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு.

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். வீட்டில் இருந்தது நாத்தனார் மட்டும்தான். செருப்புக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள், வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவசியத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு நாள் காலை நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றாள்.

"கண்ணாடிக்கு என்ன வியாதி அண்ணி?"

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. கடை திறக்க இன்னும் நேரம் இருக்கே." நாத்தனார் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்தாள். "நான்தான் நோயாளி. நேத்து என் புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். ஆரம்பிங்க."

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

"அதனால என்ன, செத்துட்டான். ஆரம்பிங்க."

இவளும் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் பண்ணியதை ஒப்பித்தாள். பழக்க தோஷம், மறுபடியும் அதே சில்வர் லைனிங் வந்து விழுந்தது. நாத்தனார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"வெளிய போங்க! புருஷன் செத்துக் கிடக்கான், நீங்க இங்க வந்து வெள்ளிக் கம்பி வியாபாரம் பண்றீங்களா?"

இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து தேம்பிவிட்டாள். நாத்தனாரும் சோபாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். வார்டுல நிஜமாவே ஒரு பொம்பளை இப்படி அழுதா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். பக்கத்துல உக்காருவேன்."

"அப்புறம்?"

"அவங்களா ஏதாவது சொல்லுவாங்க. கேட்டுக்குவேன்."

"பின்ன அந்தப் பரீட்சை ரூம்ல மட்டும் ஏன் வாயில மைக் செட் கட்டிக்கிறீங்க?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அதுவரை இடியம் என்றால் நர்ஸ் சொல்ல வேண்டியது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போதுதான் உறைத்தது: உடம்புக்கு முடியாத மனுஷன்தான் வலியை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்லுவான், நர்ஸின் வேலை அதைக் காதில் வாங்குவது. இவ்வளவு வருஷ வார்டு அனுபவத்தில் தினம் தினம் செய்த வேலை இது. ஆங்கிலம் என்றதும் புத்தி எங்கே போனதோ!

அன்றிலிருந்து ஆட்டம் தலைகீழானது. தினமும் காலையில் சோபாவில் ஒரு புது நோயாளி. சுவரில் ஒட்டின சீட்டுகளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, நாத்தனார் ஒவ்வொன்றாக முனகுவாள். அதைத் தமிழில் ஒரு மனுஷர் எப்படிச் சொல்லுவார் என்று இவள் சொல்ல வேண்டும்.

"அண்டர் த வெதர்."

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு."

"ஸ்பில் த பீன்ஸ்."

"விஷயத்தைப் போட்டு உடைக்கிறது."

"பைட் த புல்லட்."

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறது. இது மூணாம் நம்பர் பெட் தாத்தா. ஊசி போட்டா 'ஸ்'ன்னுகூடச் சொல்லமாட்டார். ராத்திரி எல்லாம் தூங்கமாட்டார்."

இப்படி ஒவ்வொன்றுக்கும் வார்டிலிருந்து ஒரு முகம் வந்து நின்றது. மனப்பாடம் பண்ணினபோது ஒட்டாமல் உதிர்ந்ததெல்லாம் இப்போது சிக்கென்று பிடித்துக்கொண்டது. நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் காது கேளாத கிழவி, ஒரு நாள் டாக்டரைத் திட்டுகிற வக்கீல், ஒரு நாள் பொய் சொல்கிற குடிகாரன். சமாதானம் ஆகாமல் சோபாவை விட்டு எழுந்திருக்கமாட்டாள். இரண்டு தடவை கடைக்குத் தாமதமாகி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பரீட்சை நாள் வந்தது. முதல் பாதி பிரச்சினை இல்லாமல் போனது. இரண்டாவது பாதியில் பரீட்சைக்காரர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அட்டையைப் பார்த்துக்கொண்டே நோயாளியானார். மகள் வீட்டில், பேத்தியோடு இருக்கிற வயசான அப்பா. இதய நோய். மாத்திரை போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இவள் ஏன் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள், பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அவர் மசியவில்லை. கடைசியில், "அந்த வீட்டில் நான் எ ஃபிஃப்த் வீல்" என்றார்.

ஐந்தாவது சக்கரமா? இது எந்தச் சீட்டிலும் இல்லை. குளியலறைக் கதவிலும் இல்லை, சோபாவிலும் வரவில்லை. அது போதாதென்று, பாழாய்ப்போன நாக்கு நுனியில் "லைட் அட் தி எண்ட் ஆஃப் த டனல்" தயாராக வந்து நின்றது. கஷ்டமெல்லாம் முடியப்போகிறது என்று தலையைத் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடலாம். போன இரண்டு தடவையும் அதைத்தான் செய்தாள். கோச்சிங் மாஸ்டர் கண் முன்னால் வந்து விரலை ஆட்டினார்.

'போய்யா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றாள். "நீங்க சொன்னது எனக்குப் புரியலை. அந்த வீட்டுல உங்களுக்கு எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அவர் அட்டையிலிருந்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். மெதுவாகச் சொன்னார். "எல்லாரும் நல்லவங்கதான். ஆனா நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அட, ஒப்புக்குச் சப்பாணி! அவ்வளவுதானா? இதைச் சொல்லாத கிழவர் எந்த வார்டில் இருக்கிறார்? சட்டென்று அவளுக்குப் பயம் விட்டுப் போனது. எதிரே இருந்தது பரீட்சைக்காரர் என்பதே மறந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காலைல அந்த வீட்டுல முதல்ல எழுந்திருக்கிறது யாரு?"

இது அட்டையில் இல்லாத கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்தார். "நான்தான்."

"பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது?"

"அதுவும் நான்தான்."

"வழியில என்ன பேசுவா?"

"விடாம பேசுவா." அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நடுவுல வாயைத் திறக்கக்கூட விடமாட்டா."

இவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். பிறகு கேட்டாள்: "மாத்திரை போடாம நீங்க ஆஸ்பத்திரியிலேயே கிடந்தா, நாளைக்கு அவ யார்கிட்ட ஐயா பேசுவா?"

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அட்டையைக் கீழே வைக்க வேண்டிய மனிதர், மேஜைக்கு மேல் கையை நீட்டினார். உள்ளங்கையை விரித்து, இல்லாத மாத்திரையைக் கேட்டார்.

ரிசல்ட் வந்தபோது அவள் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி, கையைக் கழுவிய பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். தேறியிருந்தாள். வெறுமனே தேறினாளா? தேவைப்பட்டதைவிட ஒரு படி மேலேயே போயிருந்தாள். "பாஸாயிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில், மூணாம் நம்பர் பெட் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே செருப்புக்கடைக்குப் போனாள். நாத்தனார் தரையில் மண்டியிட்டு ஒரு பெரியவருக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அண்ணி நிற்பதைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பெரியவரின் ஒற்றைக் காலை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அப்ப நீங்க போயிடுவீங்க, இல்ல?" என்றாள், அண்ணியின் கழுத்தில் முகம் புதைத்தபடி. அந்த வாய்க்கு அன்று குரல் உடைந்திருந்தது.

"ஆமாம், போறேன்" என்றாள் இவள். "நீ இல்லாட்டி எங்கேயும் போயிருக்கமாட்டேன்டி."

நாத்தனார் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, முதலாளி, வாடிக்கையாளர், ஒற்றை ஷூவோடு காத்திருந்த பெரியவர் எல்லாரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இது எங்க அண்ணி. இதய வார்டு நர்ஸ்!"