ஹெலிக்கு விரிச்ச வேட்டி

ஹெலிகொப்டர் சத்தம் எங்க யாருக்கும் கேக்குறதுக்கு முந்தி எங்க மதினிக்குக் கேட்டுரும். காதுல இல்லையாம், நெஞ்சுக்குழியிலயாம். எலெக்ஷன் காலத்துல பெரிய மனுசன் யாராச்சும் பதுளைக்குப் பறந்து வந்தாப் போதும், சிவனம்மா மதினி கட்டிலுக்கடியில போயிருவாங்க. "என்ன மதினி, ஒங்க சொந்தக்காரன் வந்துட்டானா?"ன்னு நானே கேலி பண்ணியிருக்கேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொம்பளைகளும் சிரிப்பாளுக.

எண்பத்தி மூணு கலவரத்துக்கு அப்புறம் எங்கண்ணனும் மதினியும் வன்னிக்குப் போனவங்க. அங்க அவங்களுக்குக் கம்சலான்னு ஒரு மக இருந்தா. சண்டையில செத்துப் போயிட்டா. எப்பிடின்னு எங்கண்ணன் சாகுறவரைக்கும் சொல்லல. அவரு போனபொறவு மதினி ஒரு பையத் தூக்கிக்கிட்டு எங்ககிட்டயே வந்துட்டாங்க.

போன கார்த்திகைப் புயல்ல மேல்மலை சரிஞ்சு எங்க லயத்த மூடிருச்சு. உசிரு தப்புனவங்க எல்லாம் புள்ளக்காம்பராவுல ஒண்டிக் கெடந்தோம். கொழுந்து பறிக்கப் போறவளுக கைக்கொழந்தைகள விட்டுட்டுப் போற எடம் அது. ரோடெல்லாம் மண்ணு. எம்மக மதுஷாவுக்குத் தலப்பிரசவ வலி. வயித்துல புள்ள கால் பக்கமாத் திரும்பியிருக்கு, கண்டிப்பா பதுளை ஆஸ்பத்திரியிலதான் பெறணும்னு மிட்வைஃப் சொல்லியிருந்தா. மருமகன் சதீஸ்குமார் அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். அழுதா ஆச்சா?

கிராம சேவகர் எம்புருசனுக்குப் போன் எடுத்தாரு. "பட்டாளத்து ஹெலி வருது, கிரவுண்டுல வெள்ளைத் துணி விரிங்க. கண்டா எறங்குவாங்க. பனி மூடிட்டா வரமாட்டாங்க." அத்தோட போன் செத்துப் போச்சு. மாரியம்மன் கோயிலு அலமாரியிலருந்து எட்டு முழ வேட்டியக் கொண்டாந்து கிரவுண்டு நடுவுல விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லு வச்சேன். எம்புருசன் மகளத் தூக்கிட்டுப் போறதுக்குக் காம்பராக் கதவக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. மதினி பீலியில தண்ணி புடிக்கப் போயிருந்தாங்க.

அப்பத்தான் கேட்டுச்சு. டப டப டபன்னு, மலையே அதிருற மாதிரி. "வந்துட்டான்! வந்துட்டான்!"ன்னு கத்திக்கிட்டு ஓடுனேன்.

கிரவுண்டுல வேட்டியக் காணோம். கல்லு நாலுந்தான் கெடக்கு.

தலைக்கு மேல அந்தப் பெரிய வயிறு போகுது. கைய ஆட்டுறேன், முந்தானைய ஆட்டுறேன். கட்டியிருந்ததோ பச்சச் சேலை. தேயிலைக்கு நடுவுல பச்சச் சேலை எவன் கண்ணுக்குத் தெரியும்? அது பாட்டுக்குப் பனிக்குள்ள போயிருச்சு. காம்பராவுலருந்து மதுஷா "அம்மா"ன்னு கத்துறா.

தேயிலைச் செடிக்கடியில வெள்ளையா என்னமோ தெரிஞ்சுச்சு. மதினி. குப்புறக் குறுகிக்கிட்டு, வேட்டியச் சுருட்டி வயித்துக்கடியில வச்சிருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல மயிரப் புடிச்சுத் தூக்கிட்டேன். இத்தன வருசத்துல ஒரு நாளும் வாங்க போங்கன்னு இல்லாமப் பேசுனதில்ல.

"அடிப்பாவி! எம்மவ உசிரையில்லடி சுருட்டி வச்சிருக்க!"

மதினி வேட்டிய விடாமப் புடிச்சுக்கிட்டாங்க. "வெள்ளை கெடந்துச்சு புஷ்பம். வெள்ளையக் கண்டாச் சுடுவான். கொடியில பள்ளிக்கூடச் சட்டையக் காயப் போட்டுட்டேன் நான். சத்தம் கேட்டதும் அத எடுக்கத்தான் எம்புள்ள ஓடுனா."

ஐயோ சாமி. ஆனா பாவம் பாக்கவும் அப்ப நேரமில்ல, கோவப்படவும் நேரமில்ல.

"இவன் சுட வரல மதினி. மதுஷாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தான். போயிட்டான்."

மதினி நிமிந்து என்னப் பாத்தாங்க. கைய நெஞ்சுல வச்சாங்க.

"போகல."

எனக்குத் தண்ணி ஓடுற சத்தந்தான் கேட்டுச்சு.

"வட்டம் போடுறான். மொதல்ல பாத்துட்டுப் போவான், அப்புறந்தான் வருவான். அவன் வழக்கம் அதுதான்." சொல்லிக்கிட்டே எந்திரிச்சாங்க. "ஓடு புஷ்பம், விரி!"

ஓடுனோம். வேட்டிய விரிக்கிறதுக்குள்ள சத்தம் தலைக்கு மேல வந்துருச்சு. அடிச்ச காத்துல கல்லெல்லாம் உருண்டு போச்சு. வேட்டி எந்திரிச்சுப் பறக்குது, நான் ஒரு முனையப் புடிச்சா இன்னொரு முனை ஓடுது. பறந்து போயி எறக்கையில சிக்குனா எல்லாருமே போய்ச் சேரவேண்டியதுதான்.

மதினி அது மேல குப்புற விழுந்தாங்க. எப்பவும் அந்தச் சத்தத்துக்கு ரெண்டு காதையும் பொத்திக்குவாங்க. இன்னைக்கு ரெண்டு கையும் வேட்டி முனைய இறுக்கிப் புடிச்சிருக்கு. மண்ணுல மொகத்தப் பொதச்சுக்கிட்டு, "கம்சலா, உள்ள போடி, உள்ள போடி"ன்னு கத்துறாங்க. பக்கத்துல இருந்த எனக்குத்தான் கேட்டுச்சு.

ஹெலி அந்தாண்ட எறங்குச்சு. கதவுல படுக்க வச்சு மதுஷாவத் தூக்கிட்டு ஓடுனாங்க. உள்ள ஏற்கனவே ஆளுக. ஒருத்தர்தான் கூட வரலாம்னு பட்டாளத்துக்காரன் வெரலக் காட்டுனான். சதீஸ்குமாரத் தள்ளி ஏத்துனேன். மகளோட பாதத்தத்தான் கடைசியாத் தொட்டேன். கிளம்பிருச்சு.

திரும்பி வந்தா மதினி அதே எடத்துல கெடக்குறாங்க.

"போயிருச்சு மதினி, எந்திரிங்க."

"புள்ள?"

"ஏத்திட்டாங்க."

"சுடலையா?"

"இல்ல மதினி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மதினி. கண்ணால பாத்தேன்."

அப்பவும் கை வேட்டிய விடல. நானும் அந்தச் சேத்துலயே அவங்க பக்கத்துல படுத்துட்டேன். பனி எறங்கி கிரவுண்ட மூடிருச்சு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. பயமாயிருந்துச்சு. அந்தப் பனிக்குள்ள எம்மவ எங்க போறாளோ?

"மதினி, ஒங்களுக்கு இன்னும் கேக்குதா?"

"கேக்குது."

கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் கேட்டேன்.

"கேக்குது, பேசாம இரு."

எம்புருசன் வந்து நின்னு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. மதினி கண்ண மூடிக்கிட்டு, கன்னத்த மண்ணுல வச்சு, மூச்சையும் அடக்கிக்கிட்டுக் கெடந்தாங்க. எந்தச் சத்தத்துக்கு இத்தன காலம் ஓடி ஒளிஞ்சாங்களோ, அத இப்ப எனக்காக விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"பதுளையில எறங்கிட்டான் புஷ்பம்"னாங்க. அப்புறந்தான் கைய விட்டாங்க.